‘எனக்கு வராது’ என்று முடிவுகட்டும் முன்

“எனக்குக் கணக்கு வராது.” “இங்கிலீஷ்ல பேசச் சொன்னா நாக்கு ஒட்டிக்கும்.” “வண்டியெல்லாம் நமக்குச் சரிப்படாது.” வேலை, குடும்பம் எல்லாவற்றையும் திறமையாகச் சமாளிக்கிறவர்களும் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்போம். எப்போதிலிருந்து வராது என்று கேட்டால், பலருக்கு ஒரு குறிப்பிட்ட நாள் நினைவிருக்கும். ஏழாம் வகுப்பில் கரும்பலகை முன்னால் நிற்க வைத்து வாத்தியார் திட்டிய நாள், நேர்காணலில் வாய் குழறி எதிரே இருந்தவர் சிரித்த நாள், வண்டி பழகும்போது விழுந்து கையை முறித்துக்கொண்ட நாள். அன்று பட்ட அடியும் அவமானமும் உண்மை. அதை வைத்து நம்மைப் பற்றி நாமே எழுதிக்கொண்ட தீர்ப்பு மட்டும் மறுபடி விசாரிக்கப்படாமலே கிடக்கிறது.

விலக விலக வளரும்

பயந்த அனுபவத்தை மூளை எளிதில் விடாது. ஆபத்தைக் குறித்துவைப்பதில் முக்கியப் பங்குள்ள அமிக்டலா, அதே மாதிரிச் சூழல் வரும்போதெல்லாம் எச்சரிக்கும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். எலும்பு கூடி, கட்டும் பிரித்தாயிற்று. சாவியை நீட்டினால் அவருக்கு வயிற்றைப் பிசைகிறது. “வேண்டாம், நான் பஸ்லயே போயிக்கறேன்” என்கிறார். அந்தக் கணமே படபடப்பு அடங்கிவிடுகிறது. சிக்கல் அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. விலகினால் தப்பிக்கலாம் என்று மூளை பாடம் படிக்கிறது. அடுத்த முறை விலகுவது இன்னும் சுலபமாகிறது. பத்து வருடம் தொடாமல் இருந்தால் உண்மையிலேயே ஓட்டத் தெரியாமல் போய்விடும். “பார்த்தீங்களா, எனக்கு வராதுன்னு சொன்னேனே” என்று அதையே சாட்சியாகவும் காட்டுவார்.

விழுந்த நாளை யாராலும் மாற்ற முடியாது. இன்றைய விலகலை மாற்றலாம். மனநல சிகிச்சை கைவைக்கும் இடமும் பெரும்பாலும் அதுதான்.

1967இல் தொடங்கிய ஒரு திருத்தம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் நாய்களை வைத்துச் செய்த சோதனையின் முடிவுகள் 1967இல் வெளிவந்தன. என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியை முதலில் அவற்றுக்குக் கொடுத்தார்கள். பிறகு, தாழ்வான தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டார்கள். அப்போதும் பல நாய்கள் முயலாமலே படுத்துக்கிடந்தன. படிக்கவே மனம் கூசும் சோதனை அது. ஆனாலும் அதன் அடுத்த கட்டம் தெரிந்துகொள்ள வேண்டியது. கயிறு கட்டித் தடுப்புக்கு அப்பால் திரும்பத் திரும்ப இழுத்துப் போனதும், ஒரு கட்டத்தில் அவை தாமாகவே தாண்டத் தொடங்கின. முதலில் கால் நகர்ந்தது, நம்பிக்கை பின்னால் வந்தது.

முடங்குவதை அந்த நாய்கள் கற்றுக்கொண்டன என்ற தங்கள் பழைய விளக்கத்தை அந்த இருவருமே 2016இல் திருத்தி எழுதினார்கள். நீடித்த துன்பத்தில் முடங்கிப்போவது உயிர்களுக்கு இயல்பாக வருவது, அதை யாரும் கற்க வேண்டியதில்லை. ‘என்னால் இதை மாற்ற முடியும்’ என்பதைத்தான் மூளையின் முன்பகுதி அனுபவத்தால் கற்கிறது என்றார்கள். முடங்கியவரைச் சோம்பேறி என்றும் கோழை என்றும் ஏசுகிற பழக்கத்தை இதற்குப் பிறகாவது நாம் விட வேண்டும்.

மாரடைப்புக்குப் பிறகு

உடம்பைப் பற்றிய முடிவுகள் இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும். மாரடைப்பிலிருந்து மீண்டு வீடு திரும்பியவரைச் சுற்றி நம் வீடுகளில் என்ன நடக்கிறது? “மாடி ஏறாதீங்க”, “பையை என்கிட்ட குடுங்க”, “பேசாம உக்காருங்க.” எல்லாம் அன்பினால் வருவதுதான். நாளடைவில் அந்த மனிதர், தான் உடைந்துபோனவன் என்றே நம்பத் தொடங்கிவிடுகிறார்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் மருத்துவர்களும் சேர்ந்து 1985இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே மிகவும் பொருந்தும். சிக்கல் இல்லாத மாரடைப்பு வந்து மூன்று வாரமான ஆண்களை டிரெட்மில்லில் நடக்க வைத்துப் பரிசோதித்தார்கள். 10 பேரின் மனைவிகள் சோதனையைப் பார்க்கவில்லை. 10 பேர் கூட இருந்து பார்த்தார்கள். இன்னும் 10 பேர் பார்த்ததோடு நில்லாமல், தாங்களும் அந்த டிரெட்மில்லில் ஏறி நடந்தார்கள். கணவரின் இதயம் எவ்வளவு உழைப்பைத் தாங்கும் என்பதில் மற்ற இரு குழுவினரைவிட இந்தக் கடைசிப் பத்துப் பேருக்குத்தான் தெளிவாக அதிக நம்பிக்கை வந்தது. அந்தத் தம்பதிகளின் நம்பிக்கை அளவுக்கும், 11ஆவது, 26ஆவது வாரங்களில் கணவர்கள் டிரெட்மில்லில் காட்டிய திறனுக்கும் தொடர்பு இருந்தது. நோயாளி குணமாகும் வேகத்தில் கூட இருப்பவரின் நம்பிக்கைக்கும் பங்குண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. இதய நோயாளிக்கு எவ்வளவு நடை, எத்தனை படி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதைக் கேட்கப் போகும்போது மனைவியையோ மகனையோ கூட்டிப் போங்கள்.

கண்ணாடி முன் சொல்லும் வாசகங்கள்

‘நான் வெற்றியாளன்’ என்று தினமும் காலையில் சொல்லச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்கள் இப்படி ஒரு வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை இன்னும் சோர்ந்தது. உள்ளே நம்பாததை வாய் சொல்லும்போது, மனம் எதிர்வாதத்தை எடுத்து வைக்கிறது. செய்து பார்த்துக் கிடைக்கும் சிறு வெற்றிக்கு ஈடு வேறில்லை என்பதே பண்டூராவின் கருத்தும்.

செய்து பார்க்கும் வழி

ஸ்கூட்டரிலிருந்து விழுந்த அதே பெண் ஒரு நோட்டில் எழுதட்டும்: “வண்டியில் உட்கார்ந்தாலே சாய்ந்துவிடுவேன்.” ஞாயிறு காலை, ஆளில்லாத மைதானத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, இரு காலும் தரையில் ஊன்றி உட்காரட்டும். என்ன நடந்தது என்பதைக் கீழே எழுதட்டும். மறுவாரம் அதே மைதானத்தில் மெதுவாக ஒரு சுற்று. படபடப்பு வரும், வந்ததும் இறங்கிவிடாமல் அது தணியும்வரை இருப்பது முக்கியம். தம்பி பின்னால் பிடித்துக்கொள்வது முதல் நாளைக்குச் சரி, எப்போதும் பிடித்தால் ‘அவன் இருந்ததால்தான் தப்பித்தேன்’ என்று மனம் கணக்குப் போட்டுவிடும். பழைய பயம் அழிந்துபோகாது. அதன் பக்கத்தில் புதிய அனுபவம் ஒன்று பலமாக வளரும். அதனால் இடையில் ஒருநாள் பயம் திரும்பி வந்தால், எல்லாம் வீண் என்று நினைக்க வேண்டாம்.

எல்லாத் தடையும் மனதுக்குள் இருப்பதில்லை. ‘படிப்பு வராது’ என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குக் கற்றல் குறைபாடோ பார்வைக் குறையோ இருக்கலாம். அதற்குப் பரிசோதனையும் தனிப் பயிற்சியும் வேண்டும், தைரியம் சொல்வது போதாது. வறுமையும் சாதியும் அடைத்த கதவுக்கு, அதன் முன் நிற்பவரின் மனதைக் குறை சொல்வது அநியாயம்.

எப்போது உதவி கேட்பது?

வன்முறை, பாலியல் துன்புறுத்தல், பெரிய விபத்து போன்றவற்றிலிருந்து வந்த பயத்தோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். தூக்கம் கெட்டாலும், வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாமல் போனாலும், வாழ்வதில் பொருளில்லை என்று தோன்றினாலும் மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ உடனே பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.