உங்களுக்குத் தெரியுமா? தாதரில் இரண்டு ‘ஒன்றாம் பிளாட்பாரம்’

மும்பையில் மாட்டுங்காவுக்கு அடுத்த தாதர் ஸ்டேஷனில் 2023 டிசம்பர் வரை ஒன்றாம் பிளாட்பாரம் இரண்டு: மேற்கு ரயில்வேக்கு ஒன்று, மத்திய ரயில்வேக்கு ஒன்று. எந்தப் பக்கம் நின்று கேட்கிறீர்கள் என்பதே பதிலைத் தீர்மானித்தது. அந்த டிசம்பர் 9 முதல் 1 தொடங்கி 14 வரை ஒரே வரிசை எண்.

பைத்தான் என்ற நிரல் மொழி இன்னும் பழைய தாதர்தான்: ஒரே பெயருக்கு இடத்தைப் பொறுத்து வேறு பொருள். ஒரு பெயரைப் பார்த்ததும் முதலில் அது இருக்கும் ஃபங்ஷனுக்குள் தேடும். பிறகு அதைச் சூழ்ந்த ஃபங்ஷன், பிறகு அந்தக் கோப்பு, கடைசியில்தான் மொழியோடு பிறந்த பெயர்கள். அதனால் உங்கள் மாறிக்கு அந்தக் கடைசி வகையைச் சேர்ந்த ‘லிஸ்ட்’ என்று பெயர் வைத்தால் பைத்தான் வாய் திறக்காது. பத்து வரி தள்ளி, புதுப் பட்டியல் உருவாக்க ‘லிஸ்ட்’டை அழைக்கும்போதுதான் பிழை வெடிக்கும். தொடங்குபவர்களை இதைவிட அலைக்கழிக்கும் பிழை குறைவு. ஃபங்ஷனுக்கு வெளியே வைத்த மாறி என்றால், அதை ‘டெல்’ கட்டளையால் நீக்கியதும் அசல் திரும்பிவிடும். அது மறைந்துதான் இருந்தது.

‘இஃப்’, ‘வைல்’ முதலாக மொழி தனக்கென ஒதுக்கிய 35 சொற்களிடம் இந்த மறைப்பு செல்லாது. நிரல் ஓடுமுன்பே பைத்தான் தடுத்துவிடும். பைத்தான் 2-இல் மெய்யைக் குறிக்கும் ‘ட்ரூ’வுக்குப் பொய் என்ற மதிப்பையே கொடுக்கலாம்! 2008-இல் வந்த பைத்தான் 3 அதற்குப் பூட்டுப் போட்டது. ஒதுக்கிய சொல்லாக இருந்த ‘பிரிண்ட்’டையோ சாதாரணப் பெயராக இறக்கியது. மாறிக்குத் தமிழ் எழுத்தில் பெயரிடவும் அப்போதுதான் வழி பிறந்தது. ஒதுக்கிய சொற்களே தமிழில் வேண்டுமா? முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியில் ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ எல்லாம் அந்த ரகம்.