தமது காதுக்கு எட்டாத தமது உச்சரிப்பு

பிறர் பேச்சில்தான் இழுவை உண்டு, நம்முடையதோ செப்பமானது என்றே நாம் எண்ணுகின்றோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தவரும் அவ்வாறே கருதுவதை மொழியியலாளர் டெனிஸ் பிரெஸ்டனின் ஆய்வுகள் காட்டின.

1999இல் நான்சி நீட்சியல்ஸ்கி வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்புக்குரியது. டெட்ரொயிட் வாசிகளுக்கு அந்நகரத்தவர் ஒருவரின் ஒலிப்பதிவே கேட்கச் செய்யப்பட்டது. பேசுபவர் கனேடியர் என அறிவிக்கப்பட்டோர், 'ஹவுஸ்' போன்ற சொற்களில் கனேடியச் சாயலைக் கேட்டனர். மிச்சிகன்காரர் என அறிவிக்கப்பட்டோருக்கு அதே குரலில் அச்சாயல் புலப்படவில்லை. அச்சாயல் அவர்களது சொந்தப் பேச்சிலும் உள்ளது என்பதே இதிலுள்ள வேடிக்கை. காதைக் காட்டிலும் நம்பிக்கையே கேட்கிறது போலும்!

நியூயோர்க்கில் நிலைமை நேரெதிர். அந்நகரத்தார் தமது பேச்சையே தாழ்வாகக் கருதியதை வில்லியம் லபோவ் 1966இல் வெளியிட்ட நூல் எடுத்துக்காட்டியது. அவர்களிலும் பலர், தாம் பெரும்பாலும் விழுங்கிவிடும் 'ர்' ஒலியைத் தவறாது உச்சரிப்பதாகவே நம்பியிருந்தனர்.