கண்டியும் கருணையும்

ஒரு மதத்தின் பெருமையை வேதம் படித்து அறிகிறவர் சிலரே. அதைச் சேர்ந்தவர்கள் அயலாரை நடத்தும் விதத்தைக் கொண்டு மதிப்பிடுகிறவர்களே அநேகர்.

1893-ஆம் வருஷம் ஒரு வழக்கின் நிமித்தம் காந்தி தென்னாப்பிரிக்காவிலுள்ள பிரிட்டோரியாவுக்குப் பிரயாணமானார். வழியில் அவரை ரயிலிலிருந்து தள்ளியவர்களும், கோச் வண்டியில் அடித்தவனும் கிறிஸ்தவ நாகரிகத்தைப் பற்றிப் பெருமை பேசிய வெள்ளையர் கூட்டத்தினரே.

பிரிட்டோரியாவில் அவருக்கு வாய்த்த நண்பர் கோட்ஸ் என்பவரும் கிறிஸ்தவர்தாம், குவேக்கர் பிரிவினர். அவர் காந்திக்கு மதநூல்கள் பல கொடுத்தார். கழுத்திலிருந்த துளசிமணிக் கண்டியை மூடநம்பிக்கை என்று சொல்லி, அறுத்துவிடவும் முன்வந்தார். அன்னை அணிவித்ததென்று காந்தி மறுத்துவிட்டார்.

பிறகு ஒரு நாள், ஜனாதிபதி குரூகரின் வீட்டருகே நடைபாதையில் சென்ற காந்தியைக் காவற்காரன் உதைத்துத் தள்ளினான். குதிரைமேல் அவ்வழி வந்த கோட்ஸ், வழக்குத் தொடுத்தால் தாமே சாட்சி சொல்வதாகக் கூறினார். சொந்தக் குறைக்காகக் கோர்ட்டு ஏறுவதில்லை என்றார் காந்தி. கோட்ஸ் கண்டித்ததன்மேல் காவற்காரன் மன்னிப்புக் கேட்டான்.

1914-ல் டர்பனில் கப்பலிலிருந்து இறங்கிய ஆண்ட்ரூஸ் பாதிரியார், குனிந்து காந்தியின் பாதங்களைத் தொட்டார். அங்கிருந்த வெள்ளையர்களுக்கு அது பொறுக்கவில்லை. இந்திய ஜனங்களோ பிற்காலத்தில் அவரைத் 'தீனபந்து' என்று அழைத்தார்கள்.

காந்தி கடைசிவரை ஹிந்துவாகவே இருந்தார், ஏசுநாதரையும் போற்றினார். கோட்ஸின் வாதங்களை அவர் ஏற்கவில்லை. ஆனால் கோட்ஸின் நட்பை, முப்பது வருஷங்களுக்குப் பின் சுயசரிதம் எழுதும்போதும் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

இந்த உரைகல் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. வேலைக்காரிக்குத் தனித் தம்ளர் வைத்திருக்கும் வீட்டின் பக்தியை அந்த வேலைக்காரி எப்படி மதிப்பாள்?