விண்டோஸுக்குப் போனால் பில்ட் ஏன் உடைகிறது?

லினக்ஸில் வளர்ந்த திறமூல மென்பொருளை விண்டோஸுக்குக் கொண்டுபோகும்போது, நிரலைவிட அதிகம் படுத்துவது பில்ட் கோப்புதான். ஏன்? 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்' கருவிதான் லினக்ஸில் பில்டுக்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதற்கான கோப்புகள் பெரும்பாலும் செட், கிரெப் போன்ற யூனிக்ஸ் கட்டளைகளை நம்பியே எழுதப்படுகின்றன. விண்டோஸில் அவை இயல்பாக இருப்பதில்லை. விஷுவல் ஸ்டூடியோவோ தனக்கென்று வேறு திட்டக் கோப்பு கேட்கும்.

இரண்டையும் கையால் பராமரிப்பவர்கள் உண்டு, வீண் உழைப்பு. லினக்ஸ் பக்கம் புதிய மூலக்கோப்பைச் சேர்த்தவர் விண்டோஸ் பட்டியலை மறந்தால் போதும், 'இந்த ஃபங்ஷனைக் காணோம்' என்று லிங்கர் நின்றுவிடும்.

2000இல் வந்த சிமேக் நல்ல வழி. மூலக்கோப்புகளை ஒரே இடத்தில் பட்டியலிட்டால், அந்தந்தத் தளத்துக்கான பில்ட் கோப்பை அதுவே எழுதித்தரும். அப்படி உருவானவற்றைக் கையால் திருத்தாதீர்கள். சிமேக் அடுத்த முறை அவற்றின் மேலேயே எழுதிவிடும்.