உங்களுக்குத் தெரியுமா? கேமரன் மலைக்குக் கடுதாசி ஏறிய கதை!

கேமரன் மலை எந்த மாநிலத்தில் இருக்கிறது? பகாங்! சரிதான். ஆனால் தபால்காரரைக் கேட்டால் தலையைச் சொறிவார். பகாங்கின் பெரும்பாலான ஊர்களுக்கு அஞ்சல் குறியீடு 25 முதல் 28 வரை ஏதோ ஒன்றில் தொடங்கும். தானா ராத்தாவுக்கோ 39000! பிரிஞ்சாங்குக்கு 39100! ரிங்லெட்டுக்கு 39200!

தொலைபேசியிலும் இதே கூத்துதான். குவாந்தானுக்கு 09. கேமரன் மலைக்கு 05. அது ஈப்போவின் எண்! இந்த மலைக்கு முதல் தார்ச்சாலை ஏறியதே பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்துதான். வீடு பகாங்கில், வாசல் பேராக்கில்!

வில்லியம் கேமரன் 1885இல் இந்த மலைமேட்டைப் பார்த்தார். அவர் அரசாங்க நில அளவையாளர். வரைபடம் போடுவதுதான் அவர் தொழிலே! ஆனால் கண்ட இடத்தை வரைபடத்தில் குறிக்காமல் விட்டுவிட்டார்! அடுத்த ஆண்டே காலமானார். 1925இல் பிரிட்டிஷ் அதிகாரி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் ஏறி வந்து பார்த்த பிறகுதான் ஊருக்கு விடிவு பிறந்தது. முகவரி இல்லாமல் 40 ஆண்டு கிடந்த மலை இது!

இந்த மலையில் விளையும் ‘போ’ (BOH) தேயிலைக்கு விரிவாக்கம் என்ன? ‘பெஸ்ட் ஆஃப் ஹைலண்ட்ஸ்’ என்று அடித்துச் சொல்வார்கள். பந்தயம் கட்டாதீர்கள், தோற்றுவிடுவீர்கள்! அது சீனாவின் ஃபூஜியான் மாகாணத்துப் போஹீ மலையின் பெயர்!

அந்தத் தோட்டத்தைத் தொடங்கிய ஜே. ஏ. ரசல் சின்னப் பையனாக மலாயாவுக்கு வந்தவர். அப்பாவுக்கு என்ன வேலை தெரியுமா? சிலாங்கூர் அரசாங்க அச்சகம்! மை வாசனையில் வளர்ந்த பிள்ளை கடைசியில் கொழுந்து வாசனைக்குப் போனது!

ரசல் தேயிலைக்கு நிலம் வாங்கிய ஆண்டு 1929. உலகச் சந்தையே மண்ணைக் கவ்விய ஆண்டு! இலங்கையில் தேயிலை போட்டுப் பழுத்த ஏ. பி. மில்ன் கூட்டுச் சேர்ந்தார். காடு வெட்டக் கையில் இருந்தவை: ஒரே ஒரு நீராவி உருளை, கைக்கருவிகள், கொஞ்சம் கோவேறு கழுதைகள்!  நான்கே ஆண்டில், 1933இல், ரசல் காலமானார். தேயிலை நிலைத்து நின்றது!

இலங்கைத் தேயிலையின் தந்தை ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் நட்டது வெறும் 19 ஏக்கர். அவர் ஸ்காட்லாந்திலிருந்த வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. எங்கே? ஸ்காட்லாந்தின் தேசிய நூலகத்தில்! அவர் தோட்டத்தில் வேர்வை சிந்திய தமிழர்களும் ஊருக்கு எழுதினார்கள், எழுதச் சொன்னார்கள். அவை எந்த நூலகத்தில்? தேடித்தான் பாருங்களேன்!

சரி, நம் ஆட்களின் கடுதாசிக்கு வருவோம். இதில்தான் நான் மயங்கி விழுந்தேன்!

மலாயாத் தோட்டத்தில் எழுத்துக்கு ராஜா யார்? துரை இல்லை. கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர்! பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவது அவர், செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டை எழுதுவது அவர். சாயங்காலம் லயத்து ஆட்கள் வந்து குந்தினால் கடுதாசி எழுதிக் கொடுப்பதும் பல தோட்டங்களில் அவரேதான்! கிராணி வேலையில் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் ஏராளம். சேலத்துக்காரர் சொல்ல, யாழ்ப்பாணத்தார் எழுத, ஊரில் பள்ளிக்கூட வாத்தியார் படிக்க, ஆத்தா கேட்பாள். ஒரு கடுதாசிக்கு நான்கு பேர்!

புருஷன் பெண்டாட்டி சங்கதி எழுத வேண்டுமென்றால்? கிராணி முன்னால்தான் சொல்லியாக வேண்டும்! அதனால்தான் பழைய கடுதாசிகளில் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் அத்தனை விசாரிப்பு என்பது என் கணிப்பு. சண்டைக்கு வராதீர்கள்!

கடுதாசியின் தலைப்பில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே ‘முருகன் துணை’. அடுத்து, பெறுநர் பெயருக்கு முன்னால் ‘ம.ரா.ரா.ஸ்ரீ’. விரித்தால் மகாராஜராஜஸ்ரீ! அரை ஏக்கர் புன்செய் வைத்திருந்த மாமனாரும் தபாலில் மகாராஜாதான்!

‘இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் க்ஷேமத்துக்குப் பதில் போடவும். நிற்க.’ காய்ச்சலில் படுத்துக்கொண்டு சொன்னாலும் முதல் வரி க்ஷேமம்தான்! உண்மை எல்லாம் ‘நிற்க’வுக்கு அப்புறம்!

உறையைப் பிரிக்காமலே செய்தி தெரிந்துவிடும்! நான்கு மூலையிலும் மஞ்சள் என்றால் கல்யாணம், காதுகுத்து. ஓரத்தில் கறுப்பு மை என்றால் கருமாதி. கறுப்பை வாசலில் வைத்தே படித்துக் கிழித்துப் போட்டார்கள். வீட்டுக்குள் நுழைய அனுமதியே கிடையாது!

ஆள் கூட்டி வரக் கங்காணி ஊருக்குப் போவார். கையில் தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட உரிமச்சீட்டு! ஊரில் கிராம முன்சீப்பின் சம்மதமும் வேண்டும். காகிதம் காட்டித்தான் ஆள் பிடித்தார்கள்! 1938இல் இந்திய அரசாங்கம் அதற்கும் தடை போட்டது. கேமரன் மலையில் ‘போ’ தோட்டம் தொடங்கி அப்போது 9 ஆண்டுதான்!

ரஜுலா கப்பலைத் தெரியாத மலாயாத் தமிழ்க் குடும்பம் உண்டா? 1926இல் கிளாஸ்கோவில் கடலில் இறங்கியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970கள் வரை ஓடியது. டெக் பயணிகளாக மட்டும் 5,000க்கும் மேற்பட்டோரை ஏற்ற அனுமதி! இன்றைய ஜம்போ விமானம் பத்து வந்தாலும் போதாது!

தந்தியா? சென்னைக்கும் பினாங்குக்கும் கடலுக்கடியில் கம்பி 1871க்குள் வந்துவிட்டது. ‘போ’ தோட்டத்துக்கு 58 ஆண்டு முன்னாலேயே! ஆனால் தந்தி என்றதும் லயமே அழும். பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே! ‘பையன் பிறந்தான்’ என்று வந்த தந்திக்கும் ஒப்பாரி வைத்தவர்கள் உண்டு என்று கதை கதையாய்ச் சொல்வார்கள்!

இந்தியாவில் தந்தி செத்தது 2013 ஜூலையில். கடைசி நாளில் தந்தி ஆபீஸ்களில் கூட்டம் வரிசை கட்டியது. சாவுச் செய்தி கொண்டு வந்ததற்கே எல்லோரும் துக்கம் கேட்கப் போனார்கள்!

செட்டியார்களின் உண்டியல் தெரியுமா? குலுக்குகிற உண்டியல் இல்லை! பினாங்கில் அவர்கள் பெட்டியடியில், அதாவது கடையில், பணத்தைக் கட்டினால் கையில் ஒரு சீட்டு. அதைக் காட்டினால் செட்டிநாட்டில் காசு. பணம் கடல் தாண்டவே இல்லை, காகிதம்தான் தாண்டியது! கடையை நடத்த மேலாள் போனால் வழக்கமாக 3 ஆண்டுக் கணக்கு. மனைவி ஊரில், அவர் பெட்டியடியில். இடையில் கடுதாசி மட்டும்!

1941 டிசம்பர் 8. ஜப்பான் கோத்தா பாருவில் இறங்கியது. அதோடு ஊருக்கும் மலாயாவுக்கும் நடுவே தபால் அறுந்தது. 3 ஆண்டு 8 மாதம்! சயாம் மரண ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம். அவர்களில் பலர் திரும்பவில்லை. பலரைப் பற்றி ஒரு வரிச் செய்தியும் திரும்பவில்லை.

தபால்தலை ஒட்டாமல் போட்டால் வாங்குகிறவர் இரட்டைக் காசு கொடுக்க வேண்டும். நம் பாட்டிமார் ‘பேரிங்’ என்று பல்லைக் கடித்தது அதற்குத்தான். அமெரிக்காவில் 200 ஆண்டுக்கு முன் பெரும்பாலும் எல்லாமே பேரிங்தான்! வர்ஜீனியாப் பண்ணைக் கனவான்கள் மாமனுக்கும் மச்சானுக்கும் புகையிலைத் தரகருக்கும் எழுதித் தள்ளினார்கள். காசு கொடுத்தது, பெற்றுக்கொண்டவர்! 400 மைலுக்கு மேல் போனால் ஒரு தாளுக்கு 25 சென்ட்! உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு. ஆகவே உறையே கிடையாது, மடித்து அரக்கு வைத்தார்கள்!

அந்த வர்ஜீனியாக் கனவான்களில் ஒருவரான தாமஸ் ஜெஃபர்சன் வாழ்நாளில் எழுதியவை ஏறத்தாழ 19,000 கடிதங்கள்! நகல் எடுக்க ஒரு பொறி வைத்திருந்தார். ஒரு பேனாவைப் பிடித்து எழுதினால் பக்கத்தில் இன்னொரு பேனா தானாக எழுதும்! நம் கிராணிக்கு அது மட்டும் கிடைத்திருந்தால்!

அமெரிக்க அதிபர்களாக இருந்த ஜெஃபர்சனும் ஜான் ஆடம்சும் கடிதத்தில் கட்டிப் புரண்ட நண்பர்கள். இருவரும் இறந்தது ஒரே நாளில்! 1826 ஜூலை 4. அமெரிக்க விடுதலையின் 50ஆம் ஆண்டு நாள்! நம்ப முடியவில்லையா? எனக்கும்தான்!

மலைக்கும் கடிதத்துக்கும் ஏதோ பொருத்தம் இருக்கிறது. நேரு தன் மகள் இந்திராவுக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதங்கள் 1928 கோடையில் போனது முசூரி மலைக்கு! மகளுக்கு அப்போது வயது 10!

கேமரன் மலைக்கே திரும்புவோம். 1967 மார்ச் 26. தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் தானா ராத்தா அருகே ஒரு பங்களாவிலிருந்து நடக்கப் போனார். ஆள் திரும்பவில்லை! நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். துண்டுச் சீட்டுகூடக் கிடைக்கவில்லை!

கடைசியாக என் தங்கப் புதையல்! 1900இல் வந்த, பகாங்கும் சேர்ந்த மலாய்க் கூட்டரசின் தபால்தலையில் ஒரு புலி பாய்ந்துகொண்டிருக்கும். 1935இல் பகாங்கிற்குச் சுல்தான் அபு பாக்கார் தலை போட்ட புது வில்லை வந்தது. அதாவது கேமரன் மலைத் தேயிலையில் முதல் கொழுந்து கிள்ளியவர்கள் ஊருக்குப் போட்ட கடுதாசியில் புலி பாய்ந்திருக்கும்!

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் தகரப் பெட்டி இருக்கிறதா? இன்றே இறக்குங்கள். புலி கிடைத்தால் வில்லையை மட்டும் பிய்த்தெடுக்காதீர்கள், உறையோடு வையுங்கள். மேலே விழுந்திருக்கும் வட்ட முத்திரையில்தான் ஊரும் தேதியும் இருக்கின்றன!