எழுத்தறியாதவருக்கும் புரியட்டும்!

காஞ்சியிலிருந்து மாகறலைக் கடந்து சென்றால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் ஆட்சியில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், குடவோலைத் தேர்தல் விதிகளை அங்கே சுவரிலே வெட்டி வைத்தனர். கணக்குக் காட்டாதவன் வாரியத்துக்கு வரக்கூடாது என்பதும் அவற்றுள் ஒன்று. நல்ல விதிதான். ஆனால், சபையிலே இடம் யாருக்கு? நிலமும் வேதக் கல்வியும் உடையோருக்கு! உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் அந்தச் சுவர் வெறுங்கல்.

1951-52 பொதுத்தேர்தலில் நிலை மாறிற்று. அன்று நாட்டிலே நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் எழுத்தறியாதவர். ஆகவே, வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு ஒரு சின்னம். ஏர் பிடித்தவரும் தறி நெய்தவரும் சின்னத்தைப் பார்த்தனர், வாக்களித்தனர்.

வாக்குச்சாவடியிலே படத்தால் பேசத் தெரிந்த அரசுக்கு, ஓய்வூதியப் படிவத்திலே மட்டும் எளிமையாகப் பேச வராதா என்று கேட்கிறோம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4-ஆம் பிரிவிலே, வட்டார மொழியையும் அவ்வட்டாரத்துக்கு ஏற்ற முறையையும் கருதியே செய்திகளைப் பரப்ப வேண்டும் என்கிறது.

தோழர்களே! நாளை நியாயவிலைக் கடைக்குச் செல்லுங்கள். இருப்பும் விலையும் புகார் எண்ணும் பெரிய எழுத்திலே, வெளிச்சத்திலே இருக்கின்றனவா? இல்லையேல் எழுதச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும் தாய்க்குப் படித்துக் காட்டுங்கள். அவளுக்குப் புரிந்தால்தான் அது அறிவிப்பு. புரியாவிட்டால் வெறும் பலகை!