சொட்டு இங்கே, கசிவு எங்கே?

திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று புறப்பட்ட கார், தரையில் ஒரு கரிய வட்டத்தை விட்டுச் சென்றிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினிலிருந்து சொட்டிய எண்ணெய் அது. ஒரு சொட்டுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 40 சொட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளுக்கு 1,440 சொட்டு, அதாவது 36 மில்லிலிட்டர். ஒரே மாதத்தில் ஒரு லிட்டரைத் தாண்டிவிடும். சிறிய காரின் எஞ்சினில் இருக்கும் எண்ணெயே மூன்று, மூன்றரை லிட்டர்தான்!

ராயபுரத்தில் என் அண்டை வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டுபவர். அவர் காரில் எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டியது. "பின் ஆயில் சீல் போய்விட்டது" என்றார்கள். அதை மாற்றக் கியர் பெட்டியையே இறக்க வேண்டும். இரண்டு நாள் வருமானம் போயிற்று. ஒரு வாரத்தில் மறுபடியும் அதே இடத்தில் சொட்டு!

எண்ணெய் விழும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கசிந்த எண்ணெய் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு வழிகிறது. கார் ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கடைசியில் ஏதோ ஒரு கீழ் விளிம்பில் திரண்டு, பரப்பு இழுவிசையால் தாங்க முடியாத எடை சேர்ந்ததும் விழுகிறது. ஆகவே ஈரம் தொடங்கும் இடத்தை மேலேயும் முன்னேயும் தேட வேண்டும்.

அவரும் நானும் அப்படித்தான் தேடினோம். ஆறிய எஞ்சினைச் சோப்பு நீரால் துடைத்துக் காயவைத்தோம். முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவினோம். காரை நகர்த்தாமல், அதாவது எதிர்க்காற்று இல்லாமல், கால் மணி நேரம் எஞ்சினை ஓட்டி நிறுத்திவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தோம். வெள்ளைப் பவுடரில் ஒரு பழுப்புக் கோடு! எஞ்சின் உச்சியிலுள்ள டாப்பெட் கவரின் பின் மூலையில் தொடங்கி, சொட்டு விழுந்த இடம் வரை இறங்கியிருந்தது. (நீங்கள் பார்க்க நேர்ந்தால், ஓடும் எஞ்சினுக்குள் கையை விடாதீர்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.)

அந்த மூலையின் பேக்கிங் ஏன் கசிந்தது? இதை விளக்க நம் வட்டாரத்திலேயே ஓர் எஞ்சின் உண்டு. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் அது நெடுங்காலம் தயாரித்த புல்லட் 350-இல் ஒரே சிலிண்டர். விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 90 மி.மீ. பெருக்கிப் பாருங்கள்: 346 கன செ.மீ. பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் அதன் அடியிலுள்ள காற்றுக்கு அவ்வளவு இடம் குறைகிறது. நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் இது விநாடிக்கு 40 முறை! பாயில் விதி சும்மா இருக்குமா? அந்தக் காற்றை வெளியே விட்டு, திரும்ப உள்ளே விடாதிருக்க, பழைய புல்லட்டில் வாத்தின் அலகு போன்ற ஒரு ரப்பர் வால்வு இருந்தது. அது அடைபட்டால் அழுத்தம் ஏறி, இணைப்புகளின் வழியே எண்ணெயைப் பிதுக்கும். 'புல்லட் என்றால் ஆயில் ஒழுகும்' என்ற பேச்சில் பாதிப் பழி இந்த ரப்பர் துண்டையே சேரும் என்பது என் கருத்து.

நான்கு சிலிண்டர் காரில் இரண்டு பிஸ்டன்கள் இறங்கும்போது இரண்டு ஏறுவதால் இந்தச் சிக்கல் பெரிதில்லை. ஆனால் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் எரிவாயு கீழே கசிந்துகொண்டே இருக்கும். அதை ஒரு குழாய் உறிஞ்சி, மீண்டும் எரிவதற்கு அனுப்ப வேண்டும். நண்பரின் காரில் அந்தக் குழாயைக் கழற்றி ஊதினோம். காற்றே போகவில்லை. உள்ளே தார் போன்ற கசடு!

குழாயைச் சுத்தம் செய்து, டாப்பெட் கவருக்குப் புதுப் பேக்கிங் போட்டார். கியர் பெட்டியைத் தொடவே இல்லை. ஒரு மாதம் கழித்து அளவுக் கம்பியை உருவிக் காட்டினார். எண்ணெய் மேல்கோட்டிலேயே இருந்தது.